கிலோவுக்கு ஒரு பவுன்

கொள்ளு வேகும் வாசனை சமையலறையிலிருந்து வருவதுபோல இருக்காது. நனைந்த சாக்கு, மாட்டின் மூச்சு, மூடி வைத்து மறந்துபோன தவிட்டுப் பானை, மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தால் எப்படியோ அப்படி. இப்போது குடியிருக்கிற இடத்தில், மாடிப்படித் திருப்பத்தில் யார் வீட்டுக் குக்கரோ நான்காவது விசில் விடுகிறது. அந்த நாற்றம் படிப்படியாக இறங்கி வந்து என் முகத்தில் ஒட்டுகிறது. எல்லோருக்கும் எச்சில் ஊறுகிற நேரத்தில் எனக்கு நாக்கு வற்றுகிறது. பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எங்கள் வீட்டில் அது பழமொழியாக இல்லை, காலைப் பலகாரமாக இருந்தது.

எங்கள் ஊர் பசுவந்தனைப் பக்கம். மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு. பெய்யாவிட்டால் ஆடு. அப்பா ஆட்டுத் தரகர். சந்தையில் ஒரு கிடாயின் நடுமுதுகில் பெருவிரலை அழுத்தினால் போதும், கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். அரைக் கிலோ முன்னே பின்னே போகாது. அந்தக் கையால் என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. அம்மாவைக் கேட்டால், “பெறக்கையிலயே நாலு கிலோ, யாரு தூக்குவா?” என்பாள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோவில்பட்டியில் பி.காம். முடித்து, ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வந்த வரன்கள் எல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, ‘ஊருக்குப் போய் எழுதுதோம்’ என்று போனவர்கள். யாரும் எழுதவில்லை. அந்த ஆவணியில் வந்தது நாகலாபுரத்து வரன். மாப்பிள்ளை தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஆபீசில் குமாஸ்தா, துறைமுகம் போகிற சாலையில் வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வரும் என்று கல்யாணத் தரகர் சொன்னார். எனக்கு அந்தக் காற்று வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கோடையில் வெடித்துப் பிளந்து, மழையில் காலைப் பிடித்து இழுக்கிற இந்தக் கறுப்பு மண்ணை விட்டுப் போய், ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டும். அதற்காக அந்த மூன்று மாதமும் எதை வேண்டுமானாலும் விழுங்கத் தயாராக இருந்தேன். விழுங்கவும் செய்தேன்.

பெண் பார்த்து முடித்துக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிக்குள் வந்தாள். தண்ணீர் கேட்கத்தான் வந்தாள். செம்பை வாங்கிக்கொண்டு, என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

“பிள்ளை களையாத்தான் இருக்கா, இல்லங்கல. கொஞ்சம் தாட்டியமா இருக்காளே மதினி.”

அம்மா வெட்கமே இல்லாமல் சிரித்தாள். “எங்க வீட்டு உடம்பு அப்படி. ரெண்டு பெத்தா வத்திரும்.”

“பெத்தா வத்தாது, ஊதும். நான் நாலு பெத்தவ.” ஒரு மிடறு குடித்தாள். “சரி, பேசின முப்பது பவுனுல மாத்தமில்ல. ஆனா அது அறுபத்தஞ்சு கிலோ வரைக்குந்தான். அதுக்கு மேல கிலோவுக்கு ஒரு பவுன் போட்டிருங்க. எம்மவன் ஸ்கூட்டர்ல பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போவணும்லா, டயரு தேயுமே.”

அடுப்படியில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் யாராலும் கோபப்பட முடியவில்லை. போகிற போக்கில் என் கன்னத்தைக் கிள்ளி, “தை மாசம் முகூர்த்தம், அதுக்குள்ள எறக்கிரு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாவுக்கும் கோபம் வரவில்லை. முற்றத்தில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்து, “எழுபத்தஞ்சு” என்றார். மறுநாள் கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய், பல்பு சுற்றிச் சுற்றி எரிகிற எடை மிஷினில் ஏற்றிக் காசு போட்டார். எழுபத்தைந்துக்கு மேல் ஒரு பொட்டு. அப்பா என்னைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்துத் தலையாட்டினார். தன் கண் பொய்க்கவில்லை என்ற திருப்தியில் அன்றைக்கு எனக்கு ஒரு கலர் சோடா வாங்கித் தரப் போனவர், பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார்.

பவுன் ஐயாயிரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. பத்துப் பவுன் என்றால் எங்கள் கொட்டிலில் பாதி காலியாகும். உடம்பு இளைக்கிற மாத்திரை யோசனையை நான்தான் சொன்னேன். வங்கித் தேர்வு முடிவு பார்க்கப் போன பிரவுசிங் சென்டரில், பக்கத்தின் ஓரத்தில் மினுமினுத்துக்கொண்டே இருக்குமே அந்த விளம்பரங்கள், அவற்றைப் பார்த்திருந்தேன். இணையத்தில் பணம் கட்டினால் வீட்டுக்கே மருந்து வரும், மூன்று மாதத்தில் ஆள் மாறிவிடலாம் என்றேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “பவுனைவிடக் கொறைவா வருமா?”

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடை மாடியில் இருந்தது அந்தச் சென்டர். பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரைச்சீலை, உள்ளே ஒரு நாற்காலி. பெண்பிள்ளை திரைக்குப் பின்னால் தனியாக உட்காரக் கூடாது என்று அப்பாவும் உள்ளே வந்தார்.

“அண்ணாச்சி, ஒரு சிஸ்டத்துக்கு ஒரு ஆளுதான்” என்றார் சென்டர்காரர்.

“ஒரு ஆளுதான் பாக்கும். நான் சும்மா இருப்பேன்.”

சும்மா இருக்கவில்லை. அந்த நாளில் ஒரு படம் திரையில் வர வேண்டுமென்றால் மேலிருந்து கோடுகோடாக இறங்க வேண்டும். முதலில் ஒரு வெள்ளைக்காரியின் மயிர், பிறகு நெற்றி, பிறகு சிரிப்பு. இடுப்புக்கு வரும்போது அவள் உடுத்தியிருந்தது குளிக்கிற துணி என்று தெரிந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அப்பா முன்னால் சாய்ந்து, இளைப்பதற்கு முன்னும் பின்னுமாக நின்ற இரண்டு படத்தையும் உற்றுப் பார்த்தார். அவர் பார்வையில் ஒரு களங்கமும் கிடையாது, சந்தைப் பார்வை.

“இது தொண்ணூறு. கறி அம்பது தேறும். அந்தப் பக்கம் நிக்கது அவதானா? அறுபதுதான் வரும். அடேங்கப்பா, முப்பது கிலோவை எங்கன கொண்டு போட்டா?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

மூன்று கம்பெனிகள் கிடைத்தன. முதலாவது அமெரிக்காக்காரன். டாலரை நாற்பத்தைந்தால் பெருக்கிச் சொன்னேன். கிரெடிட் கார்டு இருந்தால்தான் மருந்து வரும்.

“கார்டு இருக்குல்லா. ரேஷன் கார்டு.”

“அது இல்லப்பா.”

“அப்ப அவனை விடு.”

இரண்டாவது சென்னைக்காரன். மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம், பத்துக் கிலோவுக்கு உத்தரவாதம். இரண்டு டாக்டர்கள் கழுத்தில் குழாயோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சும்மா தரமாட்டானாம். ரத்தம் சோதிக்க வேண்டும், உள்ளூர் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டி எழுதி வாங்க வேண்டும், வாராவாரம் போனில் பேச வேண்டும், பேசுவதற்குத் தனிக் காசு. கேள்விகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார் அப்பா. ரத்தக் கொதிப்பு உண்டா என்பது வரை படித்தேன். அடுத்தது மாதவிலக்கைப் பற்றி. நான் நிறுத்திவிட்டேன். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “இவன் மருந்து விக்கானா, பொண்ணு பாக்கானா?” என்றார்.

மூன்றாவது கம்பெனிக்கு ஊர் இல்லை, ஏதோ வடக்கத்தித் தபால்பெட்டி எண்தான் இருந்தது. முழுக் கோர்ஸும் ஐயாயிரத்து ஐந்நூறு. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெயரும் விலாசமும் கொடுத்தால் வி.பி.பி.யில் பார்சல் வரும், தபால்காரரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இருபது பவுண்டு குறையும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

“இருபதா?” அப்பா நிமிர்ந்தார். “சென்னைக்காரன் பத்துதானே சொன்னான்.”

“அது கிலோப்பா. இது பவுண்டு.”

“பவுனா?”

“பவுண்டு.”

“மாட்டைப் பிடிச்சு அடைப்பானே, அந்தப் பவுண்டா?”

“எடைப்பா. ராத்தல் மாதிரி. ரெண்டு சேந்தாத்தான் ஒரு கிலோகிட்ட வரும்.”

அப்பா விரலை மடக்கினார். “இருபது பவுனுன்னா ஒம்போது கிலோ.” எத்தனை தடவை திருத்தினாலும் அவர் வாயில் அது பவுனாகவே வந்தது. “ஒரு கிலோ துண்டு விழுது. அதுக்குக் கொள்ளு போட்டுக்கிடலாம். கிலோவுக்கு அறுநூறு ஆவுது. சென்னைக்காரன் ஆயிரத்து இருநூறு, டாக்டர் செலவு தனி. ஒரு ஆட்டுல ஒரு கிலோ கறி ஏத்த ஒரு மாசத் தீவனம் போதும். எறக்க அறுநூறாம். சரி, பவுனுக்கு இது தேவலை.”

என்னை அவர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் வைத்துக் கணக்குப் பார்த்தபோது நானும் மனதுக்குள் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. திரைச்சீலைக்குள் வேர்த்துக்கொண்டு, எங்களைப் போல ஒற்றுமையான அப்பாவும் மகளும் அன்றைக்குக் கோவில்பட்டியில் இருந்திருக்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டுக்கொண்டு சென்டர்காரரிடம் நீட்டினார். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்திச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது.

“கடைசி வெலை என்னன்னு கேட்டுச் சொல்லு.”

“அண்ணாச்சி, நான் விக்கலை. இது இன்டர்நெட்டு.”

“நீ தரகுதானே. கையைக் குடு.”

அந்த மனுஷர் கை குலுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து உள்ளே விட்டார். அப்பா ஐயாயிரத்துக்குக் கேட்டு ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினார். துண்டு ஒருமுறை துள்ளியது. சென்டர்காரர் கையை உருவிக்கொண்டு, “யம்மா, இவியளைக் கூட்டிட்டுப் போ தாயி, புண்ணியமாப் போவும்” என்றார். ஒவ்வொரு தடுப்புக்கு மேலும் ஒரு தலை முளைத்துச் சிரித்தது. அவர்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்து என்னைப் பார்த்து, எதற்காக வந்தோம் என்று புரிந்துகொண்டு மறுபடியும் சிரித்தார்கள்.

பார்சல் வந்தது. டப்பாவில் ஒரு பச்சை இலையும் அதைத் தாங்குகிற இரண்டு கையும். செய்தவன் பெயர் இல்லை. பாதி நீலம் பாதி வெள்ளையான கேப்சூல் மாத்திரை, காலையில் ஒன்று, மதியம் ஒன்று.

முதல் வாரம் பசி என்கிற பிராணி என்னை விட்டு எங்கோ போய்விட்டது. சோற்றைப் பார்த்தால் சுண்ணாம்பைப் பார்ப்பதுபோல இருந்தது. இரண்டாவது வாரம் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வாரம் நெஞ்சுக்குள் ஓர் ஆடு ஓடத் தொடங்கியது. ஓடும், திடுக்கென்று நிற்கும், மறுபடி ஓடும். ஆபீசில் எட்டு என்று எழுதினால் அது நடுங்கிப் போய் வேறெதுவாகவோ விழுந்தது. சீப்பில் மயிர் கொத்தாக வந்தது. அம்மா அதைச் சுருட்டித் தூர எறிந்துவிட்டு, “மயிரும் எடைதானே” என்றாள்.

காலையில் கொள்ளு ரசம், மதியம் அவித்த கொள்ளு, பொழுதடைந்ததும் வறுத்துப் பொடித்த கொள்ளு. கடலை டப்பாவுக்குப் பூட்டு. கல்யாண வீடுகளுக்குப் போனால் பந்தியில் எனக்குப் பக்கத்தில் அம்மாதான் உட்காருவாள், என் இலைக்குக் காவலாக. அப்பளம் வைக்க வருகிறவரிடம், “அவளுக்கு வைக்காதீங்க, கிலோக் கணக்குல இருக்கா” என்பாள். பந்தி முழுக்க அது பரவும்.

வாரம் ஒருமுறை அப்பா என்னைக் கூப்பிட்டு, திரும்பி நிற்கச் சொல்லி, தோள்பட்டைக்குக் கீழே முதுகெலும்பை ஒட்டிப் பெருவிரலை அழுத்துவார். “எறங்குது” என்பார். விவரம் தெரிந்த பிறகு அவர் கை என்மேல் பட்டதே அந்த வாரங்களில்தான். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த விரலுக்காக நான் காத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கியவள் அப்படியே விழுந்தேன். எழுந்தபோது வாயெல்லாம் மண். டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அப்பா யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“மாத்திரை வெலையோட டாக்டர் வெலையையும் கூட்டுனா, சென்னைக்காரன் வெலை வந்துரும்லா? அப்புறம் எதுக்கு இவன்கிட்ட வாங்குனோம்?”

நாங்கள் மூன்று கம்பெனிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்து, மலிவானதைத் தேர்ந்தவர்கள். மலிவாக இருந்ததற்குக் காரணம், நான் விழுந்தால் கேட்க அங்கே யாரும் இல்லை என்பதுதான். அதைத் தெரிந்தேதான் தேர்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, “ஏட்டி, என்னட்டி இது, தேவாங்கு கணக்கா ஆயிட்ட?” என்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தேவாங்குக்கு ஒரு ஜன்னல் உண்டு, கடல் உண்டு.

கார்த்திகையில் அப்பா வாயைக் கொடுத்தார். சந்தையில் கல்யாணத் தரகர் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அப்பாவும் ஒரு டீ வாங்கிக்கொண்டு, “பாத்துக்கிடும், தை பெறக்கதுக்குள்ள இருபது பவுன் கொறையும். கம்பெனிக்காரனே சொல்லிருக்கான்” என்று பெருமையடித்திருக்கிறார். கல்யாணத் தரகர் பாதி டீயை வைத்துவிட்டு நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் தெருமுனைக் கடைக்குப் போன் வந்தது. அம்மா ஓடிப்போய்ப் பேசிவிட்டு, வெளுத்த முகத்தோடு வந்தாள்.

“என்ன சொல்லி வச்சிருக்கீங்க தரகருகிட்ட? முப்பதுல இருபது பவுன் கொறைக்கோமாமே! ‘பத்துப் பவுனுக்குத் தள்ளிவிட எம்மவன் என்ன கழிச்ச மாடா’ன்னு கேக்குதா. நாளைக்கு நேர்ல வந்து பேசணுமாம்.”

“அந்தப் பவுன் வேற, இந்தப் பவுன் வேறல்லா” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

இரண்டு வீடும் இல்லாத பொது இடமாகக் கோவில்பட்டியில் ஒரு கமிஷன் கடையில் கூடினோம். அப்பாவுக்குத் தெரிந்த கடை. மிளகாய் வத்தல் மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. உள்ளே கால் வைத்தவர்கள் எல்லாம் தும்மினார்கள். மாப்பிள்ளையின் அம்மா தும்மிக்கொண்டே சண்டை போட்டாள். அவளோடு மாப்பிள்ளையும், அவர் தங்கையும் வந்திருந்தார்கள். தங்கைக்கு இருபது வயதிருக்கும். நல்ல கனம். வாசல் பக்கம் மூட்டையோடு மூட்டையாக நின்றாள்.

“பேச்சுன்னா பேச்சு. பவுன்ல கை வைக்காதீங்க.”

“மதினி, நகைல கொறைக்கல” என்றாள் அம்மா. “பிள்ளை உடம்புல.”

“உடம்புல பவுனா? உங்க மக என்ன அம்மன் சிலையா?”

கடைசியில் நான் சொன்னேன். இளைக்க மாத்திரை சாப்பிடுகிறேன், அந்தக் கம்பெனி சொன்னது பவுண்டு என்கிற இங்கிலீஷ்காரனின் எடை, அப்பா வாயில் அது பவுன் ஆகிவிட்டது என்று. மாப்பிள்ளையின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரித்தாள். கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும். தும்மலும் சிரிப்புமாகக் கண்ணீர் வழிந்தது. முடிந்தது, தை வந்துவிட்டது என்று நானும் நினைத்துச் சிரித்தேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, அப்ப கொறைஞ்சிருக்கணும்லா? ஏத்துங்க பாப்போம்” என்று மூட்டை நிறுக்கும் தராசு மேடையைக் காட்டினாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மழைக்காலம், ஊரிலிருந்து வரும் வழியில் கரிசல் மண் பாதத்தில் இன்னொரு பாதமாக அப்பியிருந்தது. கடைக்காரர் குண்டை நகர்த்தினார். அறுபத்தாறு.

“மண்ணை வழிச்சிரு” என்றார் அப்பா. நான் குனிவதற்குள் அவரே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து என் பாதங்களைச் சுரண்டினார், மூட்டையின் அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதுபோல. குண்டு கொஞ்சம் நகர்ந்தது.

“செயினைக் கழத்துட்டி” என்றாள் அம்மா. கழற்றினேன். “வளையலு.” கழற்றினேன். “தோடு.” தங்கம் போடாமல் தப்பிப்பதற்காக, உடம்பில் இருந்த தங்கத்தையெல்லாம் கழற்றி அம்மா மடியில் போட்டேன். மூட்டைக்காரர் ஒருவர், “மூச்சை விட்டிரும்மா, அதுவும் எடை” என்றார். மறுபடி சிரிப்பு. நான் மூச்சை விட்டேன்.

அறுபத்தைந்து. முள் நடுவில் நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா முள்ளைப் பார்த்தாள், பிறகு என் கன்னத்தை, கழுத்தெலும்பை, வகிட்டில் தெரிந்த மண்டையைப் பார்த்தாள்.

“எறங்கிட்டா. சரிதான். மாத்திரையை நிறுத்துனா?”

அப்போதுதான் மாப்பிள்ளை வாய் திறந்தார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மென்மையான குரல். “பழையபடி ஏறிரும்மா. எங்க ஆபீசுல ஒருத்தர் சாப்பிட்டாரு. நிறுத்துன ஆறு மாசத்துல ரெண்டு மடங்கு ஆயிட்டாரு.” என் அப்பா பக்கம் திரும்பினார். “மாமா, மாசத்துக்கு என்ன ஆவுது? வருஷத்துக்குச் சேத்து வாங்குனா கொறைச்சுத் தருவானா?”

“மாசம் ரெண்டாயிரத்துக்கு உள்ள வரும்” என்றார் அப்பா.

“அப்ப ஆயுசுக்கும்னா…” மாப்பிள்ளை கண்ணை மூடிப் பெருக்கினார். சரக்கு ஆபீஸ் ஆள், வேகமாகவே பெருக்கினார்.

“அதெல்லாம் எம்மவன் சம்பளத்துல முடியாது” என்றாள் அவர் அம்மா. “மாத்திரைச் செலவு மாசாமாசம் பொண்ணு வீட்டுது. இல்லன்னா அதுக்குன்னு ஒரு பதினஞ்சு பவுன் சேத்துப் போட்டிருங்க. பேங்குல வச்சுப் பாத்துக்கிடுதோம்.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் மேடையில் நின்றபடியே பார்த்தேன். ஒரு சொல். ‘சரி’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். இன்னும் கொஞ்சம் ஆட்டை விற்கலாம். ஆயுசு முழுக்க என் நெஞ்சுக்குள் அந்த ஆடு ஓடினாலும் ஓடட்டும், நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஆட்டை வித்தவன் புல்லுக்குக் காசு குடுக்க மாட்டான்.”

என் மகள் நடுங்குகிறாள் என்று அவர் சொல்லவில்லை. அவளை மூட்டைபோல ஏற்றி வைத்திருக்கிறீர்களே என்றும் கேட்கவில்லை. தொழில் முறையைச் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். சந்தையில் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தவர் திரும்பி உட்கார்ந்ததே இல்லை.

“அப்ப ஒங்க தொழுவத்துலயே கெடக்கட்டும்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாப்பிள்ளை அவள் பின்னால் போனார். அப்பா கடைக்காரரோடு வத்தல் விலை பேசத் தொடங்கினார். அம்மா மடியில் கிடந்த நகைகளை எண்ணி முடிந்துகொண்டிருந்தாள். என்னை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கழற்றிய காது விண்விண் என்று தெறித்தது. அறுபத்தைந்து கிலோ எடை, எங்கும் ஏற்றி அனுப்ப ஆளில்லாமல் அங்கேயே நின்றது.

அப்போது தங்கைக்காரி மூட்டைகளை விட்டு விலகி என் பக்கம் வந்தாள். தராசில் முந்தானைகூடப் பட்டுவிடாதபடி ஒதுங்கி நின்றுகொண்டு, வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டாள்.

“மதினி, அது எந்த மாத்திரை? எங்கன சொல்லி வாங்குனிய?”

முறை முறிந்த பிறகும் மதினி என்றாள். அவள் மேலுதடு வேர்த்திருந்தது.

“ஒனக்கு வரன் வந்திருக்கா?”

“விளாத்திகுளத்துல இருந்து. அவியளும் எங்க அம்மா மாதிரிதான் பேசுதாக.”

“எத்தனை கிலோ இருப்ப?”

தலையைக் குனிந்துகொண்டாள். “எம்பத்திரெண்டு.”

எனக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து, இனித்தது. மூன்று மாதமாக எதுவும் இனிக்காத நாக்கு. மேடையிலிருந்து இறங்காமலே அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தேன்.

வெளியே அவள் அம்மா கத்தினாள்: “ஏட்டி, அங்கன என்ன பேச்சு? பஸ்ஸு போவப் போவுது, வா!”

“சொல்லுங்க மதினி, வெரசா” என்றாள் அவள்.

“ஒனக்குக் கட்டுபடியாவாது தாயி. ஒங்க அம்மாகிட்ட பவுனாவே போடச் சொல்லு.”